"தைரியசாலி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்

மணமுறிவு பெற்ற பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவங்க ரொம்ப தைரியசாலி" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பாராட்டு எனக்கு அச்சத்தையே தருகிறது. தைரியசாலி என்று பெயர் வாங்கிவிட்டவர், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரும் இரவில் அதை யாரிடம் போய்ச் சொல்வார்?

மன உறுதியின் பெரும்பகுதி சுற்றியிருப்பவர்களால் உண்டாவது என்பதே என் கருத்து. குடும்பநல நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தால் இது விளங்கும். எதிர்த்தரப்பில் மாமா, சித்தப்பா என்று ஒரு கூட்டமே வந்து நிற்க, இந்தப் பக்கம் கட்டைப் பையில் வழக்குக் காகிதங்களும் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டுமாகத் தனியே வந்த பெண், பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து, கடைசியில் இன்னொரு வாய்தாவுடன் பேருந்து ஏறுகிறார். அண்ணனோ தோழியோ உடன் வந்திருந்தால், அதே வாய்தா அவரை அவ்வளவு நொறுக்குவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமுறிவு பெற்றவர்களைப் போல ஏறக்குறைய 3 மடங்கினர் பிரிந்து வாழ்கிறார்கள். தீர்ப்பும் கைக்கு வராமல், ஜீவனாம்சமும் கிடைக்காமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அங்கே "பிள்ளைக்காக அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்ற பேச்சு காத்திருக்கிறது. தங்கையின் வளைகாப்பில் எல்லோரும் வளையல் அடுக்கும்போது, அவரை மட்டும் ஏதோ வேலை சொல்லிச் சமையலறைக்கு அனுப்புகிறார்கள். அனுப்புவது பெற்ற தாயாகவும் இருக்கலாம். மகள்மேல் பாசம் இல்லாததால் அல்ல, நாலு பேர் பேச்சுக்குப் பயந்து. அந்தப் பயத்துக்கு மகளின் உயிரைவிட அதிக மதிப்புக் கொடுக்கக் கூடாது என்று பெற்றோர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்.

"செத்துடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு, அடக்கி வைத்திருந்ததைச் சொல்ல அதுவே வழி திறக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மருத்துவரிடம் மறைக்க வேண்டியதும் இல்லை: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது.

மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றில் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. எண்ணை அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து முதல் அழைப்பை நீங்களே போட்டுக் கொடுங்கள்; அவர் பேசி முடிக்கும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.