ஸ்பெல்லிங் போட்டி: வேண்டும், ஆனால் இப்படியா?

குழந்தைகளுக்கான ஆங்கிலப் போட்டிகளை முழுசாக ஆதரிக்கவும் மனசு வரவில்லை, வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. போட்டி என்று அறிவித்துவிட்டால் அகராதிப் பக்கமே போகாத பிள்ளையும் அதைப் புரட்டும். ஆனால் மார்க் எதற்கோ அதை மட்டும்தான் படிக்கும். ஆங்கிலம் கற்கிற பிள்ளை உண்மையில் தடுமாறுவது சொல்லைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். அந்த இடத்தைப் பெரும்பாலான போட்டிகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1925-இல் தொடங்கிய, சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லும் நேஷனல் ஸ்பெல்லிங் பீ என்ற போட்டியில், மேடையில் நிற்கும் பிள்ளை நடுவரிடம் கேள்வி கேட்கலாம். சொல்லின் பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது, பெயரா வினையா, வாக்கியத்தில் எப்படி வரும் என்றெல்லாம் கேட்கலாம். கிரேக்க மூலம் என்று தெரிந்தால் ‘ஃப’ ஒலிக்குப் பி-ஹெச், ‘க’ ஒலிக்கு சி-ஹெச் என்று ஊகிக்க முடியும். பிரெஞ்சு என்றால் கடைசி ‘ஓ’வுக்கு இ-ஏ-யு வர வாய்ப்பு உண்டு. இதை வெறும் மனப்பாடம் என்று சொல்பவர்கள் போட்டியைச் சரியாகப் பார்க்கவில்லை. 2019-இல் எட்டுப் பேரைப் பிரிக்கமுடியாமல் எட்டுப் பேருக்கும் பட்டம் கொடுத்தார்கள். 2021-இலிருந்து பொருள் கேட்கும் சுற்றை மேடைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

வகுப்பறையில் இதைக் காப்பி அடிக்கும்போது கேள்வி கேட்கும் உரிமை காணாமல் போய்விடுகிறது, ‘தப்பு செய்தால் வெளியே’ மட்டும் மிஞ்சுகிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் முதல் சுற்றிலேயே உட்காரப்போவது யார்? பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளைதான். அது ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மீதி நேரமெல்லாம் வேடிக்கை பார்க்கும். ஏற்கெனவே நன்றாக எழுதத் தெரிந்த நான்கு பேருக்குப் பயிற்சி மேல் பயிற்சி. இதற்கு மாற்று ரொம்ப எளிது: 25 சொற்கள், எல்லாரும் தாளில் கடைசிவரை எழுதட்டும், குழுவாகக் கூட்டி மதிப்பெண் போடுங்கள். மேடைதான் வேண்டும் என்றால் முதல் ஐந்து பேருக்கு மட்டும் அப்புறம் வையுங்கள். எட்டு வயதுக்குக் கீழே தனிநபர் ரேங்க்கே வேண்டாம் என்பது என் கட்சி.

இப்போது சொல் தேர்வு. தமிழில் ‘கேள்’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் அது ஆஸ்க், ஹியர், லிசன் என்று மூன்றாகப் பிரிகிறது. ‘பார்’ என்பது சீ, லுக், வாட்ச் ஆகிறது. ‘கடன்’ பக்கம் போனால் வாங்குவதற்கு பாரோ, கொடுப்பதற்கு லெண்ட். ‘உயரமான’ என்பதும் அப்படித்தான்: ஆளுக்கும் மரத்துக்கும் டால், மலைக்கும் சுவருக்கும் ஹை. ‘கனவு கண்டேன்’ என்பதை அப்படியே மாற்றி ஐ சா எ ட்ரீம் என்று எழுதும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது. ஸ்பெல்லிங் போட்டியில் முதல் பரிசே வாங்கும். வாக்கியம் மட்டும் தப்பு, ஐ ஹேட் எ ட்ரீம் என்று வரவேண்டும்.

திருத்துபவர்கள் இங்கே இரண்டு விதமாகச் சொதப்புகிறோம். ஒன்று, தப்பை அடித்துவிட்டுச் சரியான சொல்லை மேலே எழுதிக் கொடுத்துவிடுவது. பிள்ளை அதைப் பார்த்து எழுதிவிட்டு மறந்துவிடும். இன்னொன்று, ‘ரெண்டும் ஒண்ணுதான், இது கொஞ்சம் நல்லா இருக்கும்’ என்று மழுப்புவது. முதலில் ‘என்ன சொல்ல வந்தாய்?’ என்று தமிழிலேயே கேளுங்கள். ‘காதில் விழுந்தது’ என்றால் ஹியர், ‘காது கொடுத்துக் கேட்டேன்’ என்றால் லிசன், கூடவே டு. இந்தப் பிரிவு தமிழிலும் இருக்கிறது, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். பிறகு இரண்டு சொல்லுக்கும் தலா மூன்று வாக்கியம் கொடுத்து, வித்தியாசத்தை அதன் வாயிலிருந்தே வரவழையுங்கள். ஒரு பக்கக் கட்டுரையில் இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் தொடாதீர்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை என்றால் எது முக்கியம் என்றே பிள்ளைக்குத் தெரியாது.

அவசரத்தில் விதியும் உருவாக்காதீர்கள். ‘திரையில் ஓடுவதற்கெல்லாம் வாட்ச்’ என்று சொல்லிவைத்தால், தியேட்டரில் படம் பார்த்ததற்கு சீ என்று வரும் வாக்கியத்தைப் பிள்ளை தப்பு என்று அடிக்கும்.

நோட்டில் ‘சொல் – தமிழ்ப் பொருள்’ என்று இரண்டு பத்தி போடும் பழக்கம்தான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். சொல் தனியாக வாழ்வதில்லை. நடுவில் ஒரு பெயர்ச்சொல்லை எழுதி, அதற்கு முன்னால் வரும் வினைகளையும் அடைகளையும் இடப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். ரெயின் என்றால் ஹெவி (நம் கனமழையேதான்), விண்ட் என்றால் ஸ்ட்ராங், ஃபாக் என்றால் திக். மிஸ்டேக்குக்கு மேக், ஹோம்வொர்க்குக்கு டூ. வாரத்துக்கு மூன்று பெயர்ச்சொல், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து கூட்டாளிகள் போதும். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்று ஆரம்பித்தால் நோட்டு நிறையும், பேச்சில் ஒன்றும் வராது.

எடுத்த எடுப்பில் தெசாரஸ், அதாவது ஒத்த பொருள் சொற்களைத் தொகுத்த நூல், கையில் கொடுக்கவே கூடாது. அதில் ஃபேமஸ் பக்கத்திலேயே நோட்டோரியஸ் உட்கார்ந்திருக்கும், கெட்டபேருக்குத்தான் வரும் என்று பல பதிப்புகளில் குறிப்பே இருக்காது. பிள்ளை ‘நோட்டோரியஸ் சயன்டிஸ்ட்’ என்று பாராட்டி எழுதிவிடும். கற்பவர்களுக்கென்றே செய்த அகராதிகள் இருக்கின்றன. 1978-இல் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே விளக்கம் எழுதியது. 1987-இல் வந்த காலின்ஸ் கோபில்ட் விளக்கத்தையே முழு வாக்கியமாகக் கொடுத்தது. பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியத்தை முதலில் படிக்கப் பழக்குங்கள்.

போட்டி வைத்தே தீருவது என்றால் சொல் தேர்வுக்கே வைக்கலாம். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம், இரண்டு சொற்கள். சரியான சொல்லுக்கு ஒரு மதிப்பெண், காரணம் சொன்னால் இரண்டு. காரணம் தமிழில் இருந்தாலும் மதிப்பெண் உண்டு. இதில் கஷ்டமெல்லாம் கேள்வி தயாரிப்பவருக்குத்தான். ‘தி ஹவுஸ் இஸ் ___’ என்று விட்டு பிக், லார்ஜ் கொடுத்தால் இரண்டுமே சரி, தகராறு நிச்சயம். நன்றாக ஆங்கிலம் வாசிக்கிற மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் மாறிச் சொன்னாலும் அந்தக் கேள்வியைத் தூக்கிவிடுங்கள். பத்து வேண்டுமென்றால் பதினைந்தையாவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

பேச்சுப் போட்டி பற்றியும் ஒரு வார்த்தை. மதிப்பெண் தாளில் ‘சொல்வளம் – 10’ என்று இருக்கும்வரை, பெற்றோர் எழுதிக் கொடுத்த உரையில் ப்ளெதோரா வந்துகொண்டுதான் இருக்கும். தேவைக்கு மிஞ்சிக் கிடப்பது என்பதுதான் அதன் வாடை. பிள்ளையோ நண்பர்கள் நிறைய என்று பெருமையாகச் சொல்ல அதைப் போட்டிருக்கும். அந்தப் பத்தில் ஐந்தை எடுத்து, உரை முடிந்ததும் நடுவர் கேட்கும் ஒரு கேள்விக்கு வையுங்கள்: உன் உரையிலிருந்து இந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வேறு எதைப் போடுவாய், அப்போது என்ன மாறும்? இப்படி ஒரு கேள்வி வரும் என்பதைப் போட்டி அறிவிப்பிலேயே போட்டுவிட வேண்டும். உரை எழுதிக்கொடுக்கிற பெரியவர்களுக்கும் அது தெரியட்டும்.