அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை

பெரிய கம்பெனி முதலாளிகள் மேல் ஜனங்களுக்கு இருக்கும் கோபத்தைப் பற்றிப் பேசினால், "எல்லாம் வயித்தெரிச்சல்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். என்னால் அப்படித் தள்ள முடியவில்லை.

என் அம்மா திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் முப்பது வருஷம் பீடி சுற்றினாள். சோறு பொங்கி இறக்கியதும் மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்து உட்காருவாள். ராத்திரி நாங்கள் படுத்த பிறகும் கத்தரியால் பீடி இலை நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆயிரம் பீடி என்றால் நாற்பது கட்டு. கடையில் கொண்டுபோய் வைத்தால், கடைக்காரர் ஒரு கட்டை உருட்டிப் பார்த்து, "லூசா இருக்கு" என்று ஒதுக்குவார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்ப வராது. கொடுத்த இலை போதாமல் போனால் நம் கைக்காசில் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒரு நாள் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

2025 ஜனவரியில் எல் அண்ட் டி கம்பெனித் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், வாரம் 90 மணி நேரம் உழைக்கணும், ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க முடியலையே என்று பேசிய வீடியோ வந்தபோது அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாள். 2023-24இல் அவருடைய சம்பளம் சுமார் 51 கோடி. அந்தக் கம்பெனி ஊழியர்களின் நடுமட்டச் சம்பளத்தை (பாதிப் பேர் அதற்கு மேலும், பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குவது) போல 534 மடங்கு. பங்குச் சந்தைக் கம்பெனிகள் ஆண்டறிக்கையில் போட்டே ஆகவேண்டிய கணக்கு இது. அவர் ஒரு வருஷத்தில் வாங்கியதைச் சம்பாதிக்க, நடுமட்டச் சம்பளம் வாங்கும் ஊழியர் மதுரைக்கு நாயக்கர் ஆட்சி வருவதற்கு முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் அந்த ஊழியர் மாதச் சம்பளக்காரர். பீடி சுற்றுகிறவள் எந்தக் காலத்திலிருந்து தொடங்குவாள்?

2024 டிசம்பரில் நியூயார்க்கில் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனித் தலைவர் ஒருவர் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். பிடிபட்டவரை ஹீரோவாக்கிப் பலர் எழுதினார்கள். அது தப்பு. செத்தவருக்கும் பிள்ளைகள் உண்டு.

நம் ஊர்க்காரர்கள் துப்பாக்கி எடுக்கவில்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமாகத்தான் போனார்கள். போலீஸ் தடியடி. தாமிரபரணியில் விழுந்தவர்களையும் சேர்த்து 17 பேர் செத்துப்போனார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. கொக்கிரகுளம் பக்கம் ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைதான் மனசில் வருகிறது. இதையும் வயித்தெரிச்சல் என்பார்களா?

பணக்காரர்களின் சொத்து மேல் இருந்து, 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்ட செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சம்பள மடங்குக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். அம்மாவுக்கு இப்போது பி.எஃப். பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2014இல் வைத்த அதே குறைந்தபட்சம். கட்டைவிரல் மடங்கவில்லை என்று போன வாரம் டாக்டரைப் பார்த்தோம். பாதிப் பணம் அங்கேயே போய்விட்டது.