சூயிங்கம்மைத் தடை செய்தால் என்ன தப்பு?

சூயிங்கம்முக்கெல்லாம் ஒரு அரசாங்கம் தடை போடுமா என்று சிங்கப்பூரைக் கிண்டல் செய்பவர்கள், பாகாயத்திலிருந்து காட்பாடி போகும் டவுன் பஸ்ஸில் ஒரு சித்திரை மதியம் உட்கார்ந்து பார்க்கட்டும். வேலூர் வெயிலில் சீட்டே கொதிக்கும். எவனோ மென்று ஒட்டிவிட்டுப் போன கம் அதில் இளகிக் கிடக்கும். எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

எங்கள் அம்மாவின் ஆரணிப் பட்டு அப்படித்தான் பாழானது. கல்யாணத்துக்கென்று பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிய புடவை. எழுந்தால் சீட்டுக்கும் புடவைக்கும் நடுவே வெள்ளையாக நூல் நூலாக இழுக்கிறது. கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "யார் ஒட்டினதுன்னு பார்த்தீங்களாம்மா? ஆளைக் காட்டுங்க, இறக்கி விட்டுடறேன்" என்றார். அவர் மேல் கோபமில்லை. எந்த ஆளைக் காட்டுவது? மண்டபத்தில் கடைசிவரை முந்தானையை இழுத்துப் பின்பக்கம் மறைத்துக்கொண்டே நின்றார் அம்மா. வீட்டுக்கு வந்து ஐஸ்கட்டி வைத்து இறுகவிட்டுச் சுரண்டினோம். கம்மோடு ஜரிகையும் பிரிந்து வந்தது. வயிறு எரிகிறது.

சிங்கப்பூரிலும் இதே தலைவலிதான். 1987-ல் ஓட ஆரம்பித்த எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலின் கதவு சென்சாரிலேயே ஒட்டி வைத்தார்கள். கதவு மூடாமல் ரயில் தடைபட்டது. அடுக்குமாடி வீடுகளில் சாவித் துவாரம், தபால் பெட்டி, லிஃப்ட் பட்டன் எதையும் விடவில்லை. அபராதம் போடலாம்தான், ஆள் சிக்கினால்தானே? 1992 ஜனவரியில் இறக்குமதியையும் விற்பனையையுமே நிறுத்திவிட்டார்கள். மெல்பவனைத் துரத்திக்கொண்டிருக்காமல், கடையில் கிடைக்காமல் செய்தார்கள். 2004-ல் மருத்துவத்துக்கான கம்மை மட்டும் பல் டாக்டர்களும் மருந்தாளுநர்களும் விற்க அனுமதித்தார்கள். அவ்வளவுதான்.

கம்மை ஒரு காலத்தில் சப்போட்டா மரத்துப் பாலில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பர். சர்க்கரையும் வாசனையும் வாயில் கரைந்துவிடும், மிஞ்சுவது ரப்பர். தண்ணீர் ஊற்றினாலும் போகாது, துடைப்பத்துக்கும் வராது, மட்கவும் மட்காது. ரயில்வே பிளாட்பாரத்தில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிவது என்னவென்று நினைக்கிறீர்கள்? வெயிலில் குந்தி உட்கார்ந்து தகட்டால் ஒவ்வொன்றாகச் சுரண்டுகிற அக்காவைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உங்கள் வாயில் கிடந்த எச்சிலை அவர் ஏன் சுரண்ட வேண்டும்?

குட்காவை 2013-லேயே தடை செய்தோமே, நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். குட்காவுக்கு அடிமையானவன் ஒளித்து வைத்தாவது வாங்குவான். கம் அப்படியா? கல்லாப்பெட்டி பக்கத்து ஜாடியில் கண்ணில் படுவதால் வாங்குகிறோம். சில்லறை இல்லை என்று கடைக்காரர் கையில் திணிப்பதால் மெல்லுகிறோம். கிடைக்காவிட்டால் யாரும் தேடி அலையப் போவதில்லை.

ஊர் முழுக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வாசல், கோயில் வாசல், இங்கேயாவது விற்பனையை நிறுத்துங்கள். அதுவரை மெல்லுகிறவர்களுக்கு ஒன்று: சுற்றி வந்த காகிதத்தைத் தூக்கி எறியாமல் பாக்கெட்டில் வையுங்கள். மென்று முடித்ததும் அதிலேயே மடித்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.