அற்புதம் நடந்தது என்பதும், நடக்கும் என்பதும்

2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்த ஆரவாரத்தில் ஒரு விஷயம் அதிகம் பேசப்படாமல் போய்விட்டது. வழமையாக அருளாளர் (புனிதருக்கு முந்திய படி) ஆக்க ஓர் அற்புதம், புனிதர் ஆக்க இன்னோர் அற்புதம் நிரூபிக்கப்பட வேண்டும். வாஸ் அடிகளார் விஷயத்தில் இரண்டாவது அற்புதம் தேவையில்லை என்று பாப்பரசர் பிரான்சிஸ் முடிவெடுத்தார்.

எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. நான் கத்தோலிக்கன் இல்லை. வெள்ளவத்தைச் சைவன், உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்துகிறவனும்தான். (கொழும்பில் இதை ஒருவரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.) "பௌதிகம் படிப்பிக்கிற நீங்கள் எப்படி சேர் இதையெல்லாம் நம்புறீங்கள்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வகுப்பில் சொல்ல நேரம் போதாததால் இங்கே எழுதுகிறேன்.

வாஸ் அடிகளார் ஒரு கத்தோலிக்கக் குரு. கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் 1687இல் கோவாவிலிருந்து இங்கே வந்தவர். 1696இல் கண்டியில் கடும் வறட்சி. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் கேட்டுக்கொள்ள, அவர் வெட்டவெளியில் நின்று மன்றாடினார், மழை கொட்டியது என்பது மரபு. அடுத்த வருடம் அதே கண்டியில் பெரியம்மை பரவியது. சனம் ஊரைவிட்டு ஓடியபோது அவர் நின்றார். நோயாளிகளைக் கழுவித் துடைத்தார், சாப்பாடு கொடுத்தார், செத்தவர்களை அடக்கம் செய்தார்.

மழையைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. எந்த வறட்சியும் ஒருநாள் மழையில்தான் முடியும். அது எந்த நாள் என்பதில்தான் கதையே இருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு நாளின் வானத்தைத் திரும்பக் கொண்டுவந்து சோதிக்க வழியில்லை. ஆனால் அம்மை வந்தபோது அவர் செய்ததில் இயற்கை விதி எதுவும் வளையவில்லை. எனக்கு அவர் புனிதராகத் தெரிவது அங்கேதான்.

சரி, விதி என்றால் என்ன? இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி 11ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டுவிட்டார். நெருப்புப் பட்டால் பஞ்சு எரிகிறது. நாம் பார்ப்பது ஒன்றை அடுத்து மற்றது நடப்பதை மட்டுமே. அப்படித்தான் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. அது இறைவன் வைத்திருக்கும் வழக்கம், அவன் நினைத்தால் மாற்றலாம் என்றார். காரண காரியத்தைப் பற்றிக் கிட்டத்தட்ட இதே மாதிரி யோசித்த ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், 1748இல் அற்புதத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார்: சாட்சி சொல்கிறவர் ஏமாந்திருப்பது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அதிசயமாக இருந்தால் மட்டும் நம்பு என்று. எனக்கு இருவர் சொல்வதும் சரியாகவே படுகிறது. ஒரே ஒரு தடவை நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை 'முடியவே முடியாது' என்று விஞ்ஞானம் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாட்சிகள் எவ்வளவு இலகுவாக ஏமாறுவார்கள் என்பதற்கு எங்களிடம் உதாரணம் நிறைய உண்டு.

1995 செப்டெம்பர் 21ஐ எடுங்கள். பிள்ளையார் சிலைகள் கரண்டியில் நீட்டிய பாலைக் 'குடித்த' நாள். டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து பார்த்தார்கள். அது கரண்டியிலிருந்து சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே போவது தெரிந்தது. பரப்பிழுவை (திரவத்தின் மேற்பரப்பில் இருக்கும் இழுவிசை) பாடம் எடுக்கும்போது நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. பிள்ளையாருக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

எங்கள் கொழும்பு பாமன்கடையில் இருந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அறிவித்தார். 1978இல் அவர் சாகும்வரை யாரும் அந்தக் காசை வெல்லவில்லை. பகுத்தறிவு நண்பர்கள் கதையை இத்தோடு முடித்துவிடுவார்கள். அவர் யாரிடம் சவால் விட்டார் என்று பாருங்கள். 'என்னால் செய்ய முடியும்' என்றவர்களிடம். அது நியாயமான சவால். டெங்கு வந்து பிழைத்து எழும்பிய மகனைக் கூட்டிக்கொண்டு நேர்த்தி தீர்க்கப் போகும் தாய் அப்படி எதுவும் சொல்லவில்லையே. சேலைன் ஏற்றியதும் தெரியும், பிளேட்லெட் எண்ணிக்கை ஏன் திரும்ப ஏறியது என்று வைத்தியர் சொன்னதும் தெரியும். அவள் நன்றி சொல்லப் போகிறாள். அதை எந்த ஆய்வுகூடத்தில் சோதிப்பது?

நடந்ததற்கு நன்றி சொல்வது ஒன்று. நடக்கும் என்று உத்தரவாதம் கொடுப்பது வேறொன்று. உத்தரவாதம் கொடுத்த கணமே அது விஞ்ஞானத்தின் பரீட்சை மண்டபத்துக்குள் வந்துவிடுகிறது. தம்மிக்க என்பவர் தயாரித்த 'தம்மிக்க பாணி' என்ற மருந்துப் பாகு அப்படித்தான் வந்தது. காளி அருளியது, கொரோனாவுக்கு மருந்து என்றார்கள். 2020 டிசம்பரில் பெருந்தொற்றின் நடுவில் ஆயிரக்கணக்கானவர்கள் கேகாலைக்குப் போய் நெருக்கியடித்து நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் அதைக் குடித்தும் காட்டினார். ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. இந்த இடத்தில் 'நம்பிக்கையைப் புண்படுத்தாதீர்கள்' என்று யாராவது வந்தால் எனக்குப் பொறுமை இல்லை. ஜெபக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று இன்சுலினை நிறுத்துகிறவர்கள் கதையும் இதுதான்.

இன்னொரு கூட்டம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. திருநீறு முதல் தீமிதிப்பு வரை எல்லாவற்றுக்கும் குவாண்டம் என்று சொல்லும் கூட்டம். பக்தியும் போய், பௌதிகமும் போய்விடும் அதில். இதற்குமேல் அவர்களைப் பற்றி எழுத விருப்பமில்லை.

உண்மையில் என் நம்பிக்கைக்குக் கஷ்டம் கொடுப்பது பௌதிகம் இல்லை. முகத்துவாரத்தில் ஊரை அரித்த கடல், ஒரு குருவானவர் சிலுவை நட்டு மன்றாடியதும் பின்வாங்கியது என்பதுதான் கொச்சிக்கடை ஆலயத்தின் தொடக்கக் கதை. அதே ஆலயத்துக்குள் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது. கடலை நிறுத்தியவர் ஒருவனின் குண்டை ஏன் நிறுத்தவில்லை? 'அந்தோனியார்தான் என்னைக் காப்பாற்றினார்' என்று அன்று தப்பியவர் சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டேன். அது அவருடைய நன்றி. பக்கத்து வாங்கில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது? கஸ்ஸாலியின் பஞ்சும் ஹியூமின் சாட்சியும் அவருக்கு உதவாது. அவர் என்னிடம் கேட்டால் சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை.