பாலையா கேட்கும் அழகு

பழைய படங்களில் எனக்குப் பிடித்தவை எவை என்று கேட்டால், டி.எஸ்.பாலையா நடித்த படங்களைத்தான் முதலில் சொல்வேன். அவர் பேசுகிற காட்சிகளைவிட, எதிரே இருப்பவர் பேசுவதையோ பாடுவதையோ அவர் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளுக்காகவே அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில், ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளியான நாகேஷ் தன் தந்தையான பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். சிறுவயதில் அது தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் என் பாட்டி, “நாகேஷைப் பாக்காதே, பாலையா மூஞ்சியப் பாரு” என்பார். அப்படிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது: நாகேஷ் சொல்வதில் கதை என்று ஒன்றும் கிடையாது, வெறும் சத்தங்களும் சைகைகளும்தான், அவற்றுக்கு ஒரு காட்டையும் இருட்டையும் கதவையும் உண்டாக்கித் தருவது பாலையாவின் விரிந்த கண்களே. மகனைச் சட்டை செய்யாத பணக்காரத் தந்தையின் மிடுக்கு, கதை வளர வளர ஒரு குழந்தையின் திகிலாகக் கரைந்துபோகிறது. இன்று கைபேசித் திரைக்காக நெட்டுவாக்கில் வெட்டிப் பகிரப்படும் துணுக்குகளில் நாகேஷ் மட்டும் எஞ்சி, பாலையா விளிம்புக்கு வெளியே போய்விடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது. பாதிக் காட்சி அங்கே காணாமல் போகிறது.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் தவில் வித்வான் முத்துராக்குவும் அப்படித்தான். நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதற்குத் திரையில் உயிர் கொடுத்தவர் சிவாஜி. ‘நலந்தானா’ பாடலில் அந்த சிவாஜியின் வேதனையைப் பக்கத்திலிருந்து தாங்கிக்கொள்ளும் முகம் பாலையாவுடையது.

இருந்தாலும் என் மனத்தில் முதலிடம் ‘திருவிளையாடல்’ (1965) படத்தின் ஹேமநாத பாகவதருக்குத்தான். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் ‘ஒரு நாள் போதுமா’ என்று பாண்டியன் சபையையே சவாலுக்கு இழுத்தவர், இரவில் ஒரு விறகுவெட்டி ‘பாட்டும் நானே’ என்று கௌரிமனோகரி ராகத்தில் பாடுவதைக் கேட்க நேர்கிறது. இசை தெரிந்தவன் மட்டுமே அடையக்கூடிய அச்சம் அது. கேட்பது எவ்வளவு பெரிய பாட்டு என்று அவருக்குத் தெரிகிறது, அதனாலேயே நடுங்குகிறார். போட்டியில் பாகவதரை எதிர்த்துப் பாடவிருக்கும் பாணபத்திரர் தன்னைச் சீடனாகக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அந்த விறகுவெட்டி சொன்னதும், இவனே இப்படியென்றால் அவர் எப்படிப் பாடுவார் என்று பாலையாவின் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். அவர் இரவோடு இரவாக மதுரையை விட்டுக் கிளம்புவது, அந்த முகத்தைப் பார்த்தபோதே நமக்குத் தெரிந்துவிடுகிறது.