பணம் பிடிப்பது கட்டாயம் என்றால் வைத்தியமும் கட்டாயமாகட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சித்தி மகன் ஆரம்பித்தான். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான். "ஏனுங்க்கா, வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். உடம்புக்கு ஏன் கட்டாயம் இல்லை? ஆளுக்கு ஒரு பாலிசி எடுத்தே ஆகணும்னு சட்டம் போட்டுட்டா, அப்புறம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியே தேவைப்படாதே" என்றான். நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். நான் பாதிதான் பதில் சொன்னேன், அதற்குள் ஆரத்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன், தம்பியும் படிப்பான்.

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பதினேழு வருஷமாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் இருநூறு பேர் சம்பளத்தில் ஓய்வுகாலச் சேமிப்பான பி.எஃப்., தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. இரண்டையும் பிடித்துக் கட்டுவது என் வேலை. அதனால் கட்டாயப் பிடித்தம் என்பது எனக்குச் செய்தியில் படித்த விஷயம் இல்லை. அதைக் கையால் செய்கிறவள் நான்.

முதலில் அந்த வண்டிக் கணக்கு. வண்டிக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும்தான். நம் வண்டி யார் மேலாவது மோதிவிட்டால் அவர்களுக்கு நஷ்டஈடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. நம் வண்டி நொறுங்கினால் அதற்கான காப்பீட்டை எடுப்பதும் விடுவதும் நம் இஷ்டம். அடுத்தவரைக் காப்பாற்றத்தான் அங்கே கட்டாயம் வந்தது. உடம்புக்கும் கட்டாயம் வரட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் அதுவும் அடுத்தவரைத் தாங்குவதற்காக வர வேண்டும். சம்பாதிக்கிறவர் சம்பாதிக்காதவரையும், திடமாக இருப்பவர் படுத்திருப்பவரையும் தாங்க வேண்டும். ஆளுக்கொரு பாலிசியைக் கடையில் வாங்கு என்று சொல்வது அது இல்லை.

தம்பி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். விருப்பப்பட்டவர் மட்டும் சேரலாம் என்றால் நோய் வந்தவர்கள்தான் சேருவார்கள். திடமாக இருப்பவர்கள் எதற்கு வெட்டிச் செலவு என்று ஒதுங்குவார்கள். பிரீமியம் ஏறும், ஏற ஏற இன்னும் நாலு பேர் விலகுவார்கள். ஜெர்மனி 1883-லேயே தொழிலாளிகளுக்குக் கட்டாயம் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கா 2010-ல் போட்ட சட்டத்தில் காப்பீடு எடுக்காதவருக்கு அபராதம் வைத்தது இதனால்தான். அமெரிக்காவில் 2019 முதல் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். சரி, அது அவர்கள் பாடு. நம்மிடமே எழுபது வருஷத்துக்கு மேலாக ஒரு கட்டாயக் காப்பீடு ஓடிக்கொண்டிருக்கிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. கோவைக்குத் திட்டம் 1955-ல் வந்தது. மில்லும் பவுண்டரியும் நிறைந்த ஊர் என்பதால் இங்கே பழைய ஆட்களுக்கு அந்த மூன்றெழுத்து வீட்டு ஆள் பேர் மாதிரி. இப்போது தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 20,900 ரூபாய் சம்பளக்காரருக்கு 157 ரூபாய் பிடிப்பேன், கம்பெனி 680 ரூபாய் போடும். உனக்குச் சர்க்கரை இருக்கிறதா, உன் அம்மாவுக்கு எத்தனை வயசு என்று யாரும் கேட்பதில்லை. சம்பளம் குறைந்தவர் குறைவாகக் கட்டுகிறார், கூடியவர் கூடுதலாகக் கட்டுகிறார். வைத்தியம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். காய்ச்சலுக்கு மாத்திரை முதல் ஆபரேஷன் வரை அதிலேயே.

என் அப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர். நான் மூன்றாவது படிக்கும்போது அவருக்கு டி.பி. வந்தது. பல மாதம் மில்லுக்குப் போகவில்லை. மருந்து, எக்ஸ்ரே எல்லாம் இ.எஸ்.ஐ.யில் கிடைத்தது. ஆனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது மருந்து இல்லை. வேலைக்குப் போகாத அந்த மாதங்களிலும் வீட்டுக்குக் கொஞ்சம் பணம் வந்தது. அந்தப் பணம் வரும் நாளில் அம்மா ரேஷன் பையை மடித்து இடுக்கிக்கொண்டு அப்பாவுக்காக வாசலிலேயே நிற்பார். இன்றைய விதிப்படி, சாதாரண நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம் 91 நாள் வரை உண்டு. டி.பி., புற்றுநோய் மாதிரி பட்டியலில் உள்ள 34 நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை நீளும். தம்பி சொன்ன பாலிசி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பணம் தரும். கட்டிலில் படுத்திருக்கும்போது வீட்டில் உலை கொதிக்கப் பணம் தருமா?

மில் மூடி அப்பா வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கினார். இப்போதும் அவருக்கும் அம்மாவுக்கும் அங்கேதான் வைத்தியம். வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டுகிறார். ஓய்வு பெற்றவர் ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் இந்தச் சலுகை உண்டு. எத்தனையோ பேர் இது தெரியாமல் விட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் மில்லில், கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர் இருந்தால் இன்றைக்கே விசாரியுங்கள்.

குறை இல்லையா? நிறைய இருக்கிறது. டோக்கனுக்குக் காலையிலேயே போக வேண்டும், சில மருந்து இல்லை என்பார்கள், பெரிய வைத்தியத்துக்கு எழுதி வாங்க அலைய வேண்டும். ஆனால் எனக்குப் பெரிய வருத்தம் இவற்றில் இல்லை. அந்த 21,000 ரூபாய் வரம்பில்தான்.

மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது. 2017 ஜனவரியில் 15,000-லிருந்து உயர்த்தியது, அங்கேயே நிற்கிறது. எங்கள் வைண்டிங் செக்‌ஷனில் ஒருவர் இருக்கிறார், நாற்பது வயசு இருக்கும். அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் போய் வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ், எல்லாம் இ.எஸ்.ஐ.யில். மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்க்ரிமென்ட் லிஸ்ட் போட்டபோது அவருக்கு 600 ரூபாய் கூடி 21,500 என்று வந்தது. லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார். டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கவில்லை, கையில் பிடித்தபடியே நின்றார்.

"அக்கா, எனக்கு இன்க்ரிமென்ட் வேண்டாங்க்கா."

சம்பளத்தைக் கூட்டாதீர்கள், வேண்டுமானால் ஓவர்டைம் கொடுங்கள், பார்க்கிறேன் என்றார். அப்போதைய விதிப்படி ஓவர்டைம் பணத்துக்கும் இ.எஸ்.ஐ. பிடித்தோம், ஆனால் 21,000 வரம்பைப் பார்க்கும்போது அதைச் சேர்க்கவில்லை. இந்த விதி எனக்குத் தெரியும், அது என் தொழில். அவர் எங்கே போய்த் தெரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவுக்காகத் தெரிந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். முதலாளியும் ஒத்துக்கொண்டார். ஆனால் ஓவர்டைமுக்கு பி.எஃப். சேராது, கிராஜுவிட்டி கணக்கிலும் வராது. மகன் தன் ஓய்வுகாலப் பணத்தை வெட்டி அம்மாவின் டயாலிசிஸை ஓட்டுகிறார்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். அதற்கு குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். இவர் அதற்கு மேலே. ஏழைத் திட்டத்துக்கு வசதியானவர், பாலிசி வாங்க ஏழை. நம்மில் நிறையப் பேர் இந்த இடைவெளியில்தான் நிற்கிறோம். அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இலவசம் என்று நானும் அவரிடம் சொன்னேன். "இப்ப பண்ற இடத்துல அம்மாவுக்குப் பழகிடுச்சுங்க்கா, மாத்தப் பயமா இருக்கு" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல?

நானும் 21,000-ஐத் தாண்டி வெளியே வந்தவள்தான். வந்ததும் குடும்பத்துக்கு மூன்று லட்சத்துக்குப் பாலிசி எடுத்தேன். இரண்டு வருஷம் முன்னால் வீட்டுக்காரருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். பில் 1,35,000 ரூபாய். கையில் பாலிசி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். வந்தது 82,000. காரணம் அறை வாடகை. பாலிசியில் ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் அறைக்குத்தான் அனுமதி. அன்றைக்குக் காலியாக இருந்தது 5,000 ரூபாய் அறை. கூடுதல் 2,000-ஐ நாம் கட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். அறைக்கு ஐந்தில் மூன்று பங்குதான் தகுதி என்பதால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் ஐந்தில் மூன்று பங்குதான் தருவார்களாம். ஒரு லட்சத்தில் நாற்பதாயிரம் அங்கேயே போயிற்று. மருந்துக்கான 22,000 முழுதாக வந்தது. கையுறை, சிரிஞ்சு என்று இருந்த 13,000-க்கு ஒரு பைசா இல்லை. நான் கணக்குப் படித்தவள். எனக்கே அந்தப் பாலிசித் தாளில் இருந்த வரி டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் புரிந்தது. எட்டாவது படித்த ஒரு ஆயாம்மாவுக்கு இதைக் கட்டாயம் என்று சட்டம் போட்டு விற்றால் என்ன ஆகும்?

அரசு ஊழியர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் கட்டாயம்தான். 2021-ல் வந்த திட்டத்தில் மாதம் 300 ரூபாய், ஓய்வூதியர்களுக்கு 2022 முதல் 497 ரூபாய், கேட்காமலே பிடித்தார்கள். அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் பணம் மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் வரை போய் உத்தரவு வாங்கிய ஓய்வூதியர்கள் உண்டு. பணம் பிடிப்பதில் கட்டாயம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. கொடுக்கும் இடத்தில்தான் அது காணாமல் போகிறது. என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

அப்புறம், யாரிடம் பிடிப்பது? எங்கள் கம்பெனியில் சம்பளச் சீட்டு இருக்கிறது, பிடிக்கிறேன். சித்தாளுக்கு, வீட்டு வேலை செய்பவருக்கு, தள்ளுவண்டிக்காரருக்குச் சீட்டு ஏது? அவர்களுக்காக அரசாங்கம்தான் கட்ட வேண்டும். முதலமைச்சர் திட்டத்தில் அதுதான் நடக்கிறது, 2022 ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு வருஷம் 849 ரூபாய். அந்தத் திட்டத்தால் இருதய ஆபரேஷன் செய்துகொண்டு நடமாடுகிறவர்களை எனக்கே தெரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கட்டிலில் படுத்தவருக்கான திட்டம். நம் வீடுகளில் மாதாமாதம் பணம் கரைவது மாத்திரையில். 2021-22 தேசியக் கணக்கில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் சொந்தக் கையிலிருந்து போட்டது. அதில் மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் பெரும் பங்கு.

எங்கள் வீதிக்கோடியில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். பிரஷரும் சர்க்கரையும். மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்து, பாட்டி கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கொடுத்து, வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் ராத்திரியில் என்று மறுபடி மறுபடி சொல்லிவிட்டுப் போவாள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. அந்த மாத்திரைக்குப் பின்னால் 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது, மாநிலம் முழுக்க மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. பாட்டிக்குப் பக்கவாதம் வராமல் காப்பது இந்த மாத்திரை. எந்தக் கம்பெனியும் இதை விற்காது. அரசு ஆஸ்பத்திரியும் ஆரம்ப சுகாதார நிலையமும் இல்லாவிட்டால் இதை யார் செய்வது? தம்பி அதைத்தான் தேவையில்லை என்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்னுயிர் காப்போம் திட்டம், 2021 டிசம்பரில் வந்தது. தமிழ்நாட்டு ரோட்டில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. எந்த ஊர், என்ன வருமானம், என்ன அட்டை என்று கேட்க மாட்டார்கள். சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. எனக்குத் தனியார் மேல் கோபம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். வாசலில் கேட்கும் கேள்விதான் பிரச்சினை. ரத்தம் வழியும்போது கேட்கக் கூடாது என்று புரிந்துகொண்ட நாம், சிறுநீரகம் போனவரிடம் மட்டும் ஏன் சம்பளச் சீட்டைக் கேட்கிறோம்?

ஆகவே தம்பி, கட்டாயமாகப் பிடி என்றே நானும் சொல்கிறேன். 21,000 வரம்பை எடுத்துவிட்டு, என் சம்பளத்திலும் பிடி, உன் சம்பளத்திலும் அதே சதவீதம் பிடி. உன்னுடையது என்னுடையதைவிடப் பல மடங்கு வரும், வரட்டும். சீட்டு இல்லாதவருக்கு அரசாங்கம் போடட்டும். நாட்டின் உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025-க்குள் சுகாதாரத்துக்கு அரசுகள் செலவிட வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம். அந்தப் பணமெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து டாக்டரும் நர்ஸும் மாத்திரையும் டயாலிசிஸ் மெஷினுமாக ஊருக்குள் வரட்டும். கட்டியவரை எந்த வாசலிலும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதையும் அதே சட்டத்தில் எழுது. உன் பாலிசியை வேண்டுமானால் அதற்கு மேல் வைத்துக்கொள், யாரும் தடுக்கப் போவதில்லை.

இந்த வருஷ இன்க்ரிமென்ட் லிஸ்ட் போன வாரம் தயார் ஆனது. வைண்டிங் செக்‌ஷன்காரர் லிஸ்ட்டைப் பார்க்க வரவில்லை, ஷிப்ட் முடிந்து போகிற வழியில் கதவோரம் நின்று, "அக்கா, எனக்கு அதே மாதிரியே போட்டுருங்க" என்றார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நாளைக்கு டயாலிசிஸ் என்றார். அவர் பேருக்கு நேரே நான்காவது வருஷமாக 20,900 என்றே அடித்தேன்.