ஜான் லாயிடுக்குச் சேர வேண்டிய பெயர்

மிஸ்டர் பீனாக நாம் அறிந்த ரோவன் அட்கின்சனை அதற்கு முன்பே தொலைக்காட்சியில் நிலைநிறுத்தியவர்களுள் முதலிடம் தயாரிப்பாளர் ஜான் லாயிடுக்கே உரியது என்பேன். பிபிசி வானொலியில் தொழில் பழகி, 1979-இல் 'நாட் த நைன் ஓ'க்ளாக் நியூஸ்' என்ற, அட்கின்சனும் நடித்த நகைச்சுவைத் தொடர் வழியாகத் தொலைக்காட்சிக்கு வந்தவர் அவர்.

அவருடைய திறமையை அளக்க, அட்கின்சன் நாயகனாக நடித்த வரலாற்று நகைச்சுவைத் தொடர் 'பிளாக்ஆடர்' ஒன்றே போதும். 1983-இல் வந்த முதல் பருவத்தை ஆல்ன்விக் கோட்டையில் குதிரைகளும் கூட்டமுமாக ஆடம்பரமாக எடுத்தார்கள். சிரிப்பு மட்டும் குறைவாகவே இருந்தது. செலவைக் கண்டு பிபிசி தயங்கியதால், அடுத்த பருவத்தைப் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள்ளேயே முடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கெடுபிடிதான் தொடரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். கோட்டை போனதும் வசனம் முன்னுக்கு வந்தது. ஒத்திகையில் அட்கின்சன், ஸ்டீபன் ஃப்ரை, ஹியூ லாரி எனப் பலரும் ஒவ்வொரு வரியையும் பிரித்து மேய்வதை லாயிட் தடுக்கவில்லை, தானும் சேர்ந்துகொண்டார். வசனம் எழுதிய ரிச்சர்ட் கர்டிஸும் பென் எல்டனும் அதை ரசிக்கவில்லை (எழுதியவருக்கு எரிச்சல் வராதா என்ன?). ஆனாலும் அந்த வசனங்களின் கூர்மைக்கு அந்த இழுபறியும் ஒரு காரணம்.

1989-இல் ஒளிபரப்பான கடைசிப் பகுதியில் முதல் உலகப் போரின் பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் மேலேறி ஓடும் காட்சி, எடுத்தபோது சொதப்பலாகவே வந்திருந்தது. ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிட்டது. போர்க்களம் வெறும் செட் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. படத்தொகுப்பில் அதன் வேகத்தைக் குறைத்து, தொடரின் முகப்பு இசையைப் பியானோவில் மெதுவாக ஒலிக்கவிட்டு, காட்சியை, போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னமான பாப்பி மலர்களின் வயலாகக் கரையவைத்தார்கள். கைவிட வேண்டிய காட்சி, பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. லாயிட் ஒருவரே செய்த வேலை அன்று அது. ஆனால் யார் யோசனை சொன்னாலும் காதுகொடுக்கும் அறையை உருவாக்குவதுதான் தயாரிப்பாளரின் வேலை.

இதே காலத்தில்தான் அரசியல்வாதிகளைப் பொம்மைகளாக்கிக் கிழித்த 'ஸ்பிட்டிங் இமேஜ்' தொடரையும் அவர் ஐடிவிக்காகத் தயாரித்தார். விருதுகள் குவிந்திருந்தும் 1990-களில் மனச்சோர்வில் விழுந்ததை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதிலிருந்து மீளப் பல துறை நூல்களைத் தேடிப் படித்ததன் விளைவே 2003-இல் தொடங்கிய 'க்யூஐ' என்ற வினாடிவினா நிகழ்ச்சி. எல்லோரும் சரியென நம்பும் தவறான விடையைச் சொன்னால் மதிப்பெண்ணைக் கழித்து, சுவாரசியமாகப் பேசினால் கூட்டித் தரும் ஒரு வினாடிவினாவைத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் விற்பதற்கு, அத்தனை ஆண்டுகளில் அவர் சம்பாதித்திருந்த நம்பிக்கை தேவைப்பட்டிருக்கும்.